வெட்டி இழுக்காத வலிப்பு

நம்பிக்கை: வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். மறதிநோய் உள்ள முதியவர் திடீரென்று வெறித்துப் பார்த்தால் அது மறதியின் இன்னொரு முகம்தான்.

உண்மை: மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருசேர மின்துடிப்பை வெளியிடுவதுதான் வலிப்பு. அந்தத் துடிப்பு கைகால்களை இயக்கும் பகுதிவரை பரவினால்தான் உடல் வெட்டும். மறதிநோய் வகைகளுள் ஒன்றான அல்சைமர் நோய் முதலில் தாக்குவதோ நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸையும் அதன் சுற்றுப்புறத்தையும். அந்நோயாளிகளுக்கு வரும் வலிப்பு பல நேரங்களில் அங்கேயே கிளம்பி அங்கேயே அடங்கிவிடுகிறது. பேச்சு பாதியில் நிற்கும், பார்வை ஓரிரு நிமிடம் நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், விரல்கள் சட்டையை நிரடும், பிறகு சற்று நேரம் குழப்பம் கூடும். வீட்டார் இதை மறதிநோயின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

“இ.இ.ஜி. (மூளை மின்பதிவு) எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்களே?” என்று கேட்கலாம். 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பாஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகள் இருவருக்கு மண்டையோட்டின் அடித்துளை வழியே மெல்லிய மின்முனைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். தலைத்தோலில் ஒட்டிய இ.இ.ஜி. அமைதியாக இருந்தபோதே உள்ளே ஹிப்போகாம்பஸில் வலிப்புத் துடிப்புகள் பதிவாயின, அதுவும் பெரும்பாலும் தூக்கத்தில். அரைமணி நேரப் பகல் சோதனை சுத்தமாக இருப்பதாலேயே வலிப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தூக்கத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் நீண்ட சோதனை தேவைப்படலாம்.

“தேய்கிற மூளைக்கு வலிப்பு மாத்திரை எதற்கு, இன்னும் மந்தமாகாதா?” என்ற அச்சமும் காரணமற்றதல்ல. பீனோபார்பிட்டால் போன்ற பழைய மருந்துகள் சிந்தனையை மந்தப்படுத்தும். லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் போன்றவை அந்த வகையில் மென்மையானவை. லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். ஆனால் இவை மறதிக்கு மருந்தல்ல. 2021-ல் வெளிவந்த ஒரு சிறு பரிசோதனையில் 34 அல்சைமர் நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் நான்கு வாரம் லெவெடிராசிட்டம் கொடுத்தபோது, ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. மூளையில் வலிப்புத் துடிப்பு இருந்தவர்களிடம் மட்டும் சில சிந்தனைத் தேர்வுகளில் முன்னேற்றம் தெரிந்தது. யாருக்குத் துடிப்பு இருக்கிறது என்று கண்டறிவது அதனால்தான் முக்கியமாகிறது.

எல்லா வெறித்த பார்வையும் வலிப்பாகிவிடாது. கிருமித்தொற்று, சர்க்கரைக் குறைவு, சோடியம் குறைவு, மருந்துகளின் விளைவு எல்லாமே முதியவரைக் குழப்பும். திடீரென்று தொடங்கி, சில நிமிடங்களில் முடிந்து, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக வந்தால் வலிப்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிமிடங்களைக் கைப்பேசியில் படமெடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறதிநோயில் இறந்த நரம்பணுக்களை மீட்கும் வழி இன்று இல்லை. வலிப்பை அடக்கும் வழி இருக்கிறது. மறதிநோய் என்ற ஒரே பெயரால் இரண்டையும் மூடிவிட்டால், தீர்க்கக்கூடிய துன்பத்தையும் அந்த முதியவர் சுமக்க வேண்டியிருக்கும்.