தகட்டுக்கு ஏற்ற கம்பி: ஆர்கான் வெல்டிங் பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியவை



பலசரக்கு வியாபாரம் செய்கிறவருக்கும் வெல்டிங் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் கடையைச் சற்றே சுற்றிப் பார்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் டாங்க், தேன் டிரம், ஊறுகாய்ப் பாத்திரம், மாவு மில்லின் ஹாப்பர், தராசுத் தட்டைத் தாங்கும் சட்டம் என்று ஒட்டு இல்லாத சாமான் ஒன்றுமில்லை. நல்ல தகடாகப் பார்த்து வாங்கிவிட்டு ஒட்டில் கோட்டை விடுகிறோம். துரு முதலில் பிடிப்பதும் கசிவு முதலில் தொடங்குவதும் ஒட்டில்தான். ஒட்டின் தரத்தில் பாதி வெல்டரின் கைப்பக்குவம்; மறுபாதி அவர் கையில் இருக்கும் கம்பி. கைப்பக்குவத்தை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது. கம்பி எது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நம் பக்கத்துப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று சொல்வதைத்தான் புத்தகங்களில் டிக் வெல்டிங் என்கிறார்கள். டங்ஸ்டன் ஊசி ஒன்றின் நுனியில் மின்வில் எரிகிறது. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே ஊசி உருகுவதில்லை, தகடுதான் உருகுகிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு பாய்ந்து, காற்று படாமல் காக்கிறது. வெல்டர் இடது கையில் ஒரு கம்பியைப் பிடித்து, உருகிய இடத்தில் தொட்டுத் தொட்டு நிரப்புகிறார். சாதாரண வெல்டிங் ராடுக்கு மேலே மருந்துப் பூச்சு உண்டு, தவறுகளைக் கொஞ்சம் அது பொறுத்துக்கொள்ளும். ஆர்கான் கம்பி வெறும் கம்பி. அதில் என்ன உலோகம் இருக்கிறதோ அதுவே ஒட்டாகிறது. 2018-ல் போக்குவரத்துக்குத் திறந்த நம் மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலம் போன்றவற்றின் கனத்த உத்தரங்களுக்கு வேறு முறைகள் உண்டு. மெல்லிய தகட்டில், சுத்தமான ஒட்டு வேண்டிய இடத்தில் ஆர்கானுக்கு ஈடில்லை.

இனி எவர்சில்வர். நமக்கு மிகவும் வேண்டியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கடையில் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் விற்பது பல சரக்கு. 304 என்பதில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். 316-ல் இவற்றோடு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் சேரும். உப்பைத் தாங்கும் சக்தி அதனால் கூடுகிறது. 202 என்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்பு புளிக்குத் தாங்கும் திறனும் குறைவு. காந்தம் வைத்துப் பார்த்து ஒட்டாவிட்டால் 304 என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 202-ம் காந்தத்தில் ஒட்டாது. பழைய வியாபாரிகளின் இந்தக் காந்தச் சோதனை, நிக்கல் அறவே இல்லாத 430-ஐக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். 202-ஐப் பிரித்தறிய ஒரு துளி மருந்தும் சிறு பேட்டரியும் கொண்ட சோதனை வந்திருக்கிறது. துளி நன்றாகச் சிவந்தால் மாங்கனீஸ் அதிகம் என்று பொருள். பில்லில் தகட்டின் எண்ணை எழுதி வாங்குவது அதைவிட எளிது. எழுதித் தர மனமில்லாதவரிடம் வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

304 தகட்டுக்குக் கம்பி 304 அல்ல, 308 எல். இதைக் கேட்டதும் கடைக்காரர் தவறான கம்பியைத் தருகிறார் என்று சந்தேகப்படுகிறவர் உண்டு. உருகி ஆறும்போது ஒட்டு தகட்டைவிடச் சோதனைக்கு உள்ளாகிறது. அதை ஈடுகட்டக் கம்பியில் குரோமியத்தையும் நிக்கலையும் சற்று உயர்த்தி, ஏறத்தாழ 20-ம் 10-ம் வைத்திருக்கிறார்கள். பின்னால் வரும் 'எல்' என்னும் எழுத்து, கரி நூற்றுக்கு 0.03 பங்குக்கு மேல் போகாது என்பதற்கு அடையாளம். எவர்சில்வர் ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நின்றால் அதிலுள்ள கரியும் குரோமியமும் கூடிக்கொள்ளும். அவ்வளவு குரோமியம் துருவைத் தடுக்கும் வேலையிலிருந்து விலகிவிடுகிறது. ஒட்டின் ஓரத்தில் கோடு போட்டதுபோல் துரு வருவதற்கு இது ஒரு காரணம். மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடுவதால் அங்கே ஆபத்து குறைவு. கனத் தகட்டில் 'எல்' இல்லாத கம்பியை வாங்கவே வேண்டாம்.

ஒரு விஷயம். 304 டாங்கின் ஒட்டில் காந்தத்தை வைத்தால் லேசாக இழுக்கும். உடனே பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெடிப்பு வராமல் இருக்க 308 எல் கம்பியில் காந்தத்துக்கு இசையும் அமைப்பு சிறிதளவு இருக்கும்படியே செய்கிறார்கள். மடித்த, வளைத்த ஓரங்களிலும் லேசான இழுப்பு இருக்கும்.

316 தகட்டுக்கு 316 எல் கம்பி. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கருவாடு, உப்பு மீன் வியாபாரம் செய்கிறவர்கள் 316 தகட்டில் தொட்டி செய்துவிட்டு 308 எல்லில் ஒட்டச் சொன்னால், மாலிப்டினத்துக்குக் கொடுத்த காசு வீண். உப்பு நேராக ஒட்டைத் தேடிப் போகும். 202 தகட்டுக்கு 308 எல் கம்பியே போதும். ஆனால் கம்பி உயர்ந்தது என்பதற்காகத் தகடு உயர்ந்துவிடாது. 'முழுக்க 308 கம்பியில் அடித்த டாங்க்' என்று சொல்லி 202 டாங்கை 304 விலைக்கு விற்பது நியாயமான வியாபாரம் ஆகாது.

எவர்சில்வர் டாங்குக்கு இரும்புக் கால் வைப்பது நம்மிடையே வழக்கம். இந்த ஒட்டுக்குத்தான் 309 எல். குரோமியம் 23 முதல் 25 பங்கு, நிக்கல் 12 முதல் 14 பங்கு. இரும்பு உருகிக் கலந்து எவ்வளவு நீர்த்தாலும் போதிய குரோமியமும் நிக்கலும் மிஞ்ச வேண்டும் என்பதற்காக இத்தனை. இரும்புக் கம்பியைக் கொண்டு இந்த இடத்தை ஒட்டினால் ஒட்டு கடினப்பட்டு, பாரம் ஏறும்போது வெடிக்கும். எண்ணெய் நிறைந்த டாங்கின் கால் விட்டுப்போனால் நஷ்டம் கம்பி விலையோடு நிற்பதில்லை.

டாங்கின் உட்புறத்தையும் கவனியுங்கள். வெளியே ஆர்கான் பாயும்போது உள்ளே காற்று இருந்தால், ஒட்டின் பின்பக்கம் கருகி, சர்க்கரை பூத்ததுபோல் பொருபொருவென்று ஆகிவிடும். தேனும் வெல்லப்பாகும் அந்தப் பொருக்கில் போய்த் தங்கினால் எவ்வளவு கழுவினாலும் போகாது. உணவு வைக்கும் பாத்திரமென்றால் உள்ளேயும் ஆர்கான் விடச் சொல்ல வேண்டும். வாயு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், கொடுத்துவிடலாம். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷால் எவர்சில்வரைத் தேய்க்க விடாதீர்கள். ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள் துருப்பிடித்து, நல்ல தகட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும்.

பித்தளைக் கம்பியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்களிடம் சாமான் வாங்கும் எண்ணெய் வியாபாரி ஒருவர், டாங்கில் சிறு கசிவு என்று அருகிலிருந்த பட்டறையில் காட்டினார். அங்கே வெங்காரம் போட்டு, பித்தளைக் கம்பியில் உட்புறமாகவே அடைத்துக் கொடுத்தார்கள். கசிவு நின்றது. சில வாரங்களில் எண்ணெய் சிக்கடித்தது. கொப்பரை சரியில்லை என்று கொப்பரைக்காரரிடம் சண்டை, பிறகு செக்குக்காரரிடம் சண்டை. டாங்கைத் திறந்து பார்த்த பிறகுதான், ஒட்டு இருந்த இடத்தில் பச்சைக் களிம்பு கண்ணில் பட்டது. செம்பு மிகச் சிறிதளவு சேர்ந்தாலும் எண்ணெய் விரைவில் கெடும். பித்தளையில் பெரும்பகுதி செம்புதானே. ரப்பர் வியாபாரிகளுக்கும் இது பொருந்தும். செம்பு பட்ட ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும். பாலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் அம்மோனியா, பித்தளையைத் தின்றுவிடும். ஆகவே எண்ணெய் டாங்க், ரப்பர் பால் பாத்திரம் இரண்டிலும் பித்தளைப் பற்று கூடாது. ஈயப் பற்று உணவுப் பாத்திரத்தில் கூடவே கூடாது, ஈயம் நஞ்சு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நாம், உணவு படும் பாத்திரம் நஞ்சற்றதாகவும் துருப்பிடிக்காததாகவும் இருக்கப் பொறுப்பேற்றிருக்கிறோம்.

அலுமினியத்துக்கு 4043, 5356 என்று இரண்டு கம்பிகள் பரவலாகக் கிடைக்கின்றன. முதலாவதில் சிலிக்கன், இரண்டாவதில் மக்னீசியம், இரண்டிலும் நூற்றுக்கு 5 பங்கு அளவில். 5356 ஒட்டு வலுவானது. ஏணி, வண்டிச் சட்டம், ரேக் ஆகியவற்றுக்கு அதைப் போடலாம். ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் சாமானுக்கு அது ஆகாது, நாளடைவில் வெடிப்பு விடும். டீக்கடை பாய்லர், அடுப்பில் ஏறும் அண்டா ஆகியவற்றுக்கு 4043. ரப்பர் பால் உறைய வைக்கும் அலுமினிய டிஷ்ஷுக்கும் 4043 சரிப்படும். அலுமினியத்துக்கு மெஷின் ஏ.சி. மின்சாரத்தில் ஓட வேண்டும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடுத் தோல் உருகுவதோ 2,000 டிகிரிக்கு மேல். அந்தத் தோலை உடைப்பது ஏ.சி. மின்சாரம். டி.சி. மட்டுமே உள்ள சிறிய மெஷினை வைத்துக்கொண்டு அலுமினிய வேலையை ஒப்புக்கொள்கிறவரிடம் கொடுக்காதீர்கள். நம் மாவட்ட எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறார்கள். ராக்கெட்டின் கிரையோஜெனிக் டாங்குகள் 2219 என்னும் அலுமினியக் கலவையில் செய்யப்படுகின்றன. அந்தக் கலவைக்கென்றே 2319 என்று தனிக் கம்பி உண்டு. அலுமினியம்தானே, எந்தக் கம்பியானால் என்ன என்பது அங்கும் செல்லாது, இங்கும் செல்லாது.

சாதாரண இரும்புக்கு 70 எஸ்-2, 70 எஸ்-6 கம்பிகள். செம்புப் பூச்சுள்ள கேஸ் வெல்டிங் கம்பியும் பார்வைக்கு இவற்றைப் போலவே இருக்கும், விலையும் குறைவு. உருகிய இரும்பிலுள்ள ஆக்சிஜனை வெளியேற்றும் சிலிக்கனும் மாங்கனீசும் அதில் போதுமான அளவு இல்லாததால் ஒட்டில் ஊசித்துளைகள் விழும். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது குறையாகத் தெரியாது. தண்ணீர் நிற்கும் தொட்டியில் தெரிந்துவிடும். ஜி.ஐ. தகடானால் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே ஒட்ட வேண்டும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வார்ப்பிரும்பு மில் பாகங்களுக்கு நிக்கல் கம்பி. அலுமினியத்தையும் இரும்பையும் எந்தக் கம்பியைக் கொண்டும் உருக்கி ஒட்ட முடியாது, போல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பியின் கனம் தகட்டின் கனத்தை ஒட்டி இருக்கட்டும். 16 கேஜ் தகட்டுக்கு 1.6 மில்லிமீட்டர் கம்பி பொருந்தும்.

டாங்க் வேலை நடக்கும்போது உரிமையாளர் பக்கத்தில் இருப்பது நல்லது என்று சொல்வோம். மின்விசிறியை நிறுத்த வேண்டும். காற்று வீசினால் ஆர்கான் கலைந்துவிடும். அதைவிட முக்கியம், ஆர்கான் காற்றைவிடக் கனமானது, நிறமில்லை, வாசனையில்லை. டாங்கின் அடியில் தேங்கி நின்றால் உள்ளே இறங்குகிறவர் ஒன்றும் உணராமலேயே மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். வேலை முடிந்ததும் கழுவுவதற்குக் கடைப் பையனை உள்ளே இறக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊதுகாற்று விட்டு, நேரம் கொடுத்து, வெளியே ஓர் ஆளை நிறுத்திய பிறகே யாரும் இறங்கலாம். மண்ணெண்ணெய், தின்னர் இருந்த டிரம்மை வெல்டிங்குக்கு அனுப்பவே வேண்டாம். காலி டிரம்தான் வெடிக்கும்.

ஹார்டுவேர் சில்லறை விற்பனையும் சேர்த்துச் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 308 எல், 309 எல், 316 எல் மூன்றும் பெட்டியை விட்டு வெளியே எடுத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றுதான். எத்தனை வருட அனுபவமிருந்தாலும் பிரித்தறிய முடியாது. கம்பியின் ஒரு முனையில் எண் பொறித்திருக்கும் அல்லது சிறு சீட்டு ஒட்டியிருக்கும். வெல்டர்கள் எந்த முனையையும் பார்க்காமல் எரிப்பார்கள். எண்ணுள்ள முனை கையில் இருக்கட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். 5 கிலோ பெட்டியைப் பிரித்துக் கால் கிலோ, அரைக் கிலோ என்று கொடுக்கும்போது, கட்டின்மேல் எண்ணை எழுதிய சீட்டைச் சுற்றிக் கொடுங்கள். திருப்பிக் கொண்டுவரும் மிச்சக் கம்பியில் எண் இல்லையென்றால் பெட்டியில் திரும்பப் போடாதீர்கள். எங்கள் கடையில் அப்படி வரும் கம்பிகளைத் தனி டப்பாவில் போட்டு, பழைய இரும்பு எடுக்கிறவர் வரும்போது எடைக்குக் கொடுத்துவிடுகிறோம்.