மரமும் மக்களாட்சியும்

மரம் நடுவதற்கும் மக்களாட்சிக்கும் என்ன தொடர்பு? கென்யா நாட்டைக் காண்போம்.

அங்குக் காடுகள் அழிந்ததால் ஓடைகள் வறண்டன. விறகும் நீரும் தேடிப் பெண்கள் நெடுந்தொலைவு நடந்தனர். 1977-ஆம் ஆண்டில் வங்காரி மாத்தாய் அம்மையார் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். சிற்றூர்ப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டனர். பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறுதொகை பெற்றனர்.

1989-இல் நைரோபி நகரப் பொதுப்பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆட்சியாளர் முனைந்தனர். பூங்கா மக்களுடையது என அம்மையார் எதிர்த்தார். இகழப்பட்டும் தளரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே.

நட்டால் மட்டும் போதாது, கன்று வேரூன்றும்வரை காக்க வேண்டும் என்பதைத் தோட்டப்புறத்தில் வாழும் நாம் நன்கறிவோம். உரிமையும் அத்தகையதே. பொதுச்சொத்தைப் பேணுவோம், நீதிக்காக அஞ்சாது பேசுவோம்!