ஏணியைப் பிடித்திருப்பது எது?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விடுமுறைக்கு ஊர் சுற்றுவோர் பலர் 'கேம்பர்' எனும் வண்டியில் செல்வர். அடுப்பு, மேசை, படுக்கை யாவும் அதனுள்ளேயே இருக்கும். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் வோக்ஸ்வாகன் வண்டிக்கு இத்தகைய அமைப்பைச் செய்து தந்தது. இடம் குறைவாகையால், பல கேம்பர்களில் நம் ரயில் பெட்டியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள் உண்டு. மேல் படுக்கைக்கு ஏற, கழற்றி வைக்கத்தக்க மர ஏணியைச் சிலர் தாமே செய்துகொள்கின்றனர். அதை வெறுமனே சாய்த்து வைக்கலாமா? இயற்பியலைக் கேட்போம்.

படுக்கையின் உயரம் 150 செ.மீ. என்க. ஏணியின் அடி, படுக்கையின் விளிம்புக்கு நேர் கீழிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது. 5 படிகள், ஐந்தாவது படி படுக்கை மட்டத்தில் உள்ளது. ஏறுபவரின் எடை 40 கிலோ. ஏணியின் எடையையும் மேல்முனை உராய்வையும் கணக்கில் கொள்ள வேண்டாம்.

ஏறுபவரின் எடை ஏணியின் அடியை வெளியே தள்ளப் பார்க்கிறது. அதைத் தடுப்பது தரையின் உராய்வு ஒன்றே. ஏணியின் அடியைப் பற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், தேவையான உராய்வு விசை கிடைக்கும்:

எடை × (அடியின் தூரம் ÷ உயரம்) × (ஏறிய பங்கு)

முதல் படியில் இது 40 × ½ × ⅕ = 4 கிலோ எடை. மூன்றாம் படியில் 12. ஐந்தாம் படியில் 20. வழுவழுப்பான தரையின் உராய்வுக் கெழு 0.3 என்றால், அத்தரை தரக்கூடிய உராய்வு 40 × 0.3 = 12 கிலோ எடைதான். ஆகவே மூன்று படிவரை அசையாது நின்ற ஏணி, நான்காம் படியில் வழுக்கிவிடும்! கீழ்ப்படியில் நின்று ஆட்டிப் பார்த்து, "உறுதியாக இருக்கிறது" என்று முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பது விளங்குகிறதல்லவா? ஏறுபவர் மெலிந்தவரானாலும் பயனில்லை. எடை குறைந்தால் உராய்வும் அதே விகிதத்தில் குறையும்.

அடியை 40 செ.மீ. தூரத்திற்கு நகர்த்தினால், உச்சியிலும் சுமார் 11 கிலோ எடை உராய்வே போதும். எனினும் தரையில் சிறிது நீர் சிந்தினால் இக்கணக்கும் பொய்த்துவிடும்.

இங்கேதான் கொக்கி உதவுகிறது. ஏணிக்கால் இரண்டின் உச்சியிலும், படுக்கையின் பக்கச் சட்டத்தின் மேல் கவிந்து உட்காரும் இரும்புப் பட்டைக் கொக்கிகளைப் பொருத்துங்கள். இப்போது ஏணி, இரு முனையிலும் தாங்கப்பட்ட பலகைக்கு ஒப்பாகிறது. தரையில் உராய்வே இல்லாவிட்டாலும் அது நிற்கும். மூன்றாம் படியில் நிற்பவரின் 40 கிலோவில் 24-ஐக் கொக்கிகளும் 16-ஐத் தரையும் தாங்கும். ஐந்தாம் படியில் முழு எடையும் கொக்கிகள்மேல்தான்.

ஆகவே கொக்கிகள் வலுவாக இருத்தல் வேண்டும். திடீரென ஏறும் சுமை, நின்ற சுமையைப்போல் இரு மடங்கு விசை தரக்கூடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் அது ஒரே கொக்கிமேல் விழலாம். 40 கிலோ சிறுவனுக்கே ஒவ்வொரு கொக்கியும் 80 கிலோவைத் தாங்கவேண்டும். சிறு திருகாணிகளை நம்பாமல், ஏணிக்காலை ஊடுருவும் போல்ட்டும் நட்டும் பூட்டுவது நல்லது. கொக்கி அமரும் இடமும் மெல்லிய ஒட்டுப்பலகையாக இல்லாமல், கனமான சட்டமாக இருக்கட்டும்.

வண்டி புறப்படுமுன் ஏணியைக் கழற்றிக் கட்டிவைக்க வேண்டும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி சட்டென நின்றால், கட்டாத ஏணி நிலைமத்தால் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் முன்னே பாயும். சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது.

செய்து பாருங்கள்: வழுவழுப்பான மேசைமேல் ஓர் அடிக்கோலைப் பெட்டியொன்றில் சாய்த்து, வழுக்காமல் நிற்கும் எல்லைச் சாய்வைக் கண்டுபிடியுங்கள். துணிக் கவ்வி ஒன்றைக் கோலின் கீழ்ப்பகுதியில் மாட்டுங்கள், கோல் நிற்கும். அதையே உச்சிக்கு அருகில் மாட்டுங்கள். என்ன நடக்கிறது? கோலின் உச்சியில் ஒரு கம்பிக் கொக்கி கட்டிப் பெட்டியின் விளிம்பில் மாட்டியபின், மீண்டும் சோதித்துப் பாருங்கள்.