அலிபிரியில் நகரும் வரிசை

திருமலைக்குச் செல்லும் வாகனங்கள் அடிவாரத்தில் உள்ள அலிபிரி சோதனைச் சாவடியைக் கடந்தே ஆக வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 முதல் அங்கு ஃபாஸ்டேக் கட்டாயம் எனத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவித்தது. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரியிலேயே கட்டாயமாகிவிட்ட அதே ஒட்டுவில்லைதான். கருவி அதைப் படித்ததும் நம் கணக்கிலிருந்து கட்டணம் கழிகிறது.

இதனால் காத்திருப்பு குறையுமா? ஓரளவே என்பது நம் கருத்து. அங்கு வாகனங்கள் நிற்பது கட்டணத்துக்காக மட்டும் அன்று. பயணிகளும் பைகளும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். கட்டணம் நொடியில் முடிந்தாலும் சோதனை பழைய வேகத்திலேயே நடந்தால், வரிசை சற்றுத் தள்ளிப் போய் நிற்கும், அவ்வளவே. சில்லறைத் தகராறும் கணக்குப் பிழையும் குறைய வேண்டுமென்றால் ஃபாஸ்டேக் போதும். காத்திருப்பு குறைய வேண்டுமென்றால் சோதனைக் கருவிகளும் ஆட்களும் கூடவே பெருக வேண்டும். தகவல் தொழில்நுட்பத் திட்டம் எதுவாயினும், எந்த நோக்கத்துக்காக என்பதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

வரிசை இடம்மாறுவது சிறு செய்தி அன்று. மலைமேல் நெரிசலைத் தவிர்க்கவே தரிசன டோக்கன்கள் வழங்கப்படுகின்றன. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட வாயில் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதி நகரில் திரண்ட கூட்ட நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று வந்த ஏகாதசிக்கு, முதல் மூன்று நாள் டோக்கன்கள் இணையவழிக் குலுக்கலில் ஒதுக்கப்பட்டன. டோக்கன் பெறுவதற்கென ஓரிடத்தில் கூடும் தேவையே அந்நாட்களுக்கு இல்லாது போயிற்று.

நோக்கம் தெளிவாக இருந்த திட்டத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு, 2023 மார்ச்சில் தேவஸ்தானம் தொடங்கிய முகமறிதல் முறை. அறை பெற்றவரே முன்பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். ஒருவரே பலமுறை லட்டு டோக்கன் வாங்கக் கூடாது. இடைத்தரகர் நுழையும் வழி எது என்று கண்டபின், அவ்வழியில் கருவி வைக்கப்பட்டது.

இத்துறையில் பணியாற்றும் இளைஞருக்கும் இது பொருந்தும். நிரல் எழுதத் தெரிந்தவர் பலர். வரிசை எந்த இடத்தில் தேங்குகிறது என்று ஒருநாள் சாவடியில் நின்று பார்த்துவிட்டு நிரல் எழுதுபவர் சிலரே. பதவி உயர்வின்போது நிர்வாகம் கேட்பது எத்தனை மென்பொருள் கற்றீர்கள் என்பதைவிட, உங்கள் பணியால் எது குறைந்தது, எது கூடியது என்பதைத்தான்.

சிறுதொழில் புரியும் நம் வாடிக்கையாளர்கள் கணினிக்காகக் கடன் கோரும் முன்பும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காலாவதிச் சரக்கால் நட்டப்படும் மருந்துக்கடைக்கு, பில் விரைவாக அச்சிடும் மென்பொருள் உதவாது. எந்த மருந்து எந்த மாதம் காலாவதியாகும் என்று முன்கூட்டியே காட்டும் மென்பொருளே அதற்குத் தேவை.