கண் முகாமில் நமக்கு என்ன வேலை?



இலவசக் கண் சிகிச்சை முகாம் என்றதும், "நாமென்ன டாக்டரா? அங்கே போய் என்ன பண்ணப் போறோம்?" என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். ஆனால் டாக்டர் வருவதற்கு முன்பே தொடங்கி, அவர் போன பிறகும் தொடரும் வேலை ஒன்று இருக்கிறது. அது நம்முடையது.

இதற்கு மதுரையைப் பார்ப்போம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிராம முகாம்களில் டாக்டர்களும் கருவிகளும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. கண்புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போய் ஆபரேஷன் முடித்து ஊருக்குத் திரும்ப அனுப்புவார்கள்.

இவ்வளவு வசதி இருந்தும், தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண்ணில் குறை உள்ள 100 பேரில் 7 பேர்தான் முகாமுக்கு வந்தார்கள். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு, "இருக்கிற பார்வையே போதும்" என்ற எண்ணம் - இவைதான் மற்றவர்களைத் தடுத்தவை. டாக்டரால் தீராத தடைகள் இவை!

இப்போது நம்ம பிள்ளையார்பாளையத்துக்கு வருவோம். பட்டுத்தறியில் உட்காருபவருக்குக் கண்தான் மூலதனம். அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட வேண்டும். ஜரிகை பிசகாமல் பார்க்க வேண்டும். 40 வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டப் பார்வை குறையும். இதுதான் வெள்ளெழுத்து. ஆனால் கேட்டுப் பாருங்கள்: "கோபுரம் நல்லாத் தெரியுதே தம்பி, என் கண்ணுக்கென்ன? ஒரு நாள் தறி நின்னா கூலி யாரு குடுப்பா?" என்பார்கள்.

நியாயமான கேள்வி. பதிலும் உண்டு. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அரை நாள் கூலி போனாலும் கண்ணாடி அதை ஈடுகட்டும் என்று நம்பிச் சொல்லலாம்.

சரி, நாம் செய்ய வேண்டியவை:

1. முன்பு: தறிக்கு எந்த நாள் லீவு என்று விசாரித்து, அதற்கேற்ப முகாம் தேதி வைக்கச் சொல்லுங்கள். வீடு வீடாகப் போங்கள். நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் போதாது. துணைக்கு ஆளில்லாத பெரியவர்களின் பெயரைக் குறித்து, அன்று நாமே அழைத்து வரலாம்.

2. கையில் டேப்: தறியில் உட்கார்ந்தபடி அவர் கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை அளந்து சீட்டில் எழுதுங்கள். லென்ஸின் திறன் என்பது 1-ஐ மீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுப்பது என்று படித்தோமே! 33 செ.மீ.-ல் புத்தகம் படிக்க 3 டயாப்டர் தேவை. துணி 50 செ.மீ. தள்ளி இருந்தால் 2 போதும். கண்ணில் மிச்சமிருக்கும் சக்தி போக, மீதியைக் கண்ணாடி தர வேண்டும். புத்தகத்துக்கு அளவெடுத்த கண்ணாடி தறியில் மங்கலாகிப் போகலாம். சீட்டைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

3. அன்று: பெயர் பதிவு, வரிசை, பெரியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போவது. சொட்டு மருந்து கொடுப்பதோ, "பார்வை வந்துடும்" என்று வாக்குக் கொடுப்பதோ நம் வேலையல்ல.

4. பின்பு: ஒரு மாதம் கழித்து அதே வீடுகளுக்குப் போங்கள். கண்ணாடி மூக்கில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா? ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தவர் போனாரா? போகவில்லை என்றால், ஏன்?

முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொல்வது சுலபம். வராத 93 பேர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் கஷ்டம். அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம் நண்பர்களே, ஒரு சைக்கிளும் ஒரு டேப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்!