தண்டால் எடுத்தால் கெடுதலா?



கோட்டாறு சந்தையில் மூட்டை சுமந்தாலும், வயலில் நாற்று நட்டாலும் உடம்புதான் நமக்கு மூலதனம். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் காசு வேண்டாம். வீண் பயத்தை விட்டால் போதும்.

"பொம்பிளை தண்டால் எடுத்தா கர்ப்பப்பை இறங்கிரும்."
தவறு. முதலில் சுவரில் கையூன்றிப் பழகுங்கள். தசையும் எலும்பும் வலுப்படும். பிரசவமானவர்களும் அடியிறக்கம் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

"வயித்துப் பயிற்சி செஞ்சா தொப்பை மட்டும் கரையும்."
தவறு. ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. நடையும் அளவான சாப்பாடும் வேண்டும்.

"ஆம்பிளை ஆபரேஷன் செஞ்சா பலம் போயிரும், அப்புறம் தண்டாலா?"
முழுத் தவறு. விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். ஆண்மைச் சுரப்பு எப்போதும்போல் ரத்தத்தில் கலக்கும். 1974-ல் சீனாவில் உருவான நவீன முறையில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை. ஒரு வாரம் சுமை தூக்காதீர்கள். வலி இல்லையென்றால் பிறகு தண்டால் எடுக்கலாம். மூன்று மாதம் ஆணுறை அவசியம். விந்துப் பரிசோதனைக்குப் பிறகே விடலாம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு தம்பதியரில் 38 மனைவியர் கருத்தடை செய்துகொண்டவர்கள். கணவன்மாரில் ஒருவர்கூட இல்லை! பாரம் முழுவதையும் அவள் தலையிலேயே ஏற்றலாமா?

இருவரும் கலந்து பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாகவே வாருங்கள்.