லோன் ரிஜெக்ட் ஆக ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை போதும்!

போன மாசம் ஒரு தம்பி ஹோம் லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சுன்னு என்கிட்ட வந்தார். சம்பளம் ஓகே, வேற கடன் எதுவும் இல்ல. கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தா, பழைய கார்டு ஒண்ணுக்கு நேரா 'செட்டில்டு'ன்னு இருக்கு.

"அதான் செட்டில் பண்ணிட்டேனே சார், நல்லதுதானே?"ன்னு கேட்டார்.

அங்கதான் பிரச்னையே. 'கை'யும் தெரியும், 'விடு'வும் தெரியும். ஆனா 'கைவிடு'ன்னா அர்த்தமே வேற, இல்லையா? இங்கிலீஷ்லயும் அப்படித்தான். தனித்தனியா சுலபமான வார்த்தைகள், ஆனா பணம் சம்பந்தப்பட்ட இடத்துல வரும்போது அர்த்தம் மாறிடும். இன்னைக்கு அப்படி அஞ்சு வார்த்தைகளைப் பார்ப்போம்.

1. செட்டில்டு

'லைஃப்ல செட்டில் ஆயிட்டான்'னு நாம சந்தோஷமா சொல்றோம். கிரெடிட் ரிப்போர்ட்ல இதுக்கு அர்த்தம், நீங்க முழுசா கட்டல, பேங்க் குறைஞ்ச தொகையை வாங்கிட்டு கணக்கை முடிச்சுது என்பதுதான். அந்தத் தம்பி 80,000 ரூபாய் பாக்கிக்கு 45,000 கட்டியிருந்தார். முழுசா கட்டியிருந்தா 'க்ளோஸ்டு'ன்னு வந்திருக்கும். அடுத்து கடன் கொடுக்கப்போற பேங்க் தேடுறது இந்த வார்த்தையைத்தான்.

2. ரிட்டன் ஆஃப்

இது கடன் தள்ளுபடி இல்ல. தள்ளுபடிக்கு இங்கிலீஷ்ல 'வெயிவர்'. ரைட் ஆஃப் என்பது பேங்க் தன்னோட கணக்குப் புத்தகத்துல செய்யற பதிவு. வராதுன்னு முடிவு பண்ணி அதை நஷ்டமா எழுதிக்கறாங்க, அவ்வளவுதான். நீங்க கட்ட வேண்டியது அப்படியே இருக்கும், வசூலும் தொடரலாம்.

3. மினிமம் அமவுண்ட் டியூ

'இவ்வளவு கட்டினா போதும்'னு படிக்கறோம். உண்மையில, 'இதைக்கூட கட்டலைன்னா தாமதக் கட்டணம்' என்பதுதான் அர்த்தம். 40,000 ரூபாய் பில்லுக்கு 5% கணக்குல 2,000 கட்டறீங்கன்னு வைங்க. மீதி 38,000-க்கு மாசம் 3.5% வட்டின்னா 1,330 ரூபாய். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் 239. கட்டின 2,000-ல முக்கால் பங்குக்கு மேல ஒரே மாசத்துல திரும்ப ஏறிடுச்சு! பாக்கி இருக்கற வரைக்கும், புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

4. நோ காஸ்ட் இஎம்ஐ

'காஸ்ட்' இல்லைன்னா செலவே இல்லைன்னு அர்த்தமில்ல. பொதுவா பேங்க் வட்டி போடும், அதே அளவு தொகையை விலையில டிஸ்கவுண்ட்டா கழிப்பாங்க. ஆனா அந்த வட்டி மேல வர்ற ஜிஎஸ்டியும், பிராசஸிங் ஃபீஸ் இருந்தா அதுவும் உங்க தலையிலதான்.

5. காஸ்ட் டு கம்பெனி

பேர்லயே பதில் இருக்கு. இது கம்பெனிக்கு ஆகற செலவு, உங்க சம்பளம் இல்ல. ஆஃபர் 6 லட்சம்னா மாசம் 50,000-னு கணக்கு போட்டு வாடகைக்கு வீடு பார்க்காதீங்க. பேசிக் 25,000-னா, கம்பெனி பங்கு பிஎஃப் 3,000, உங்க பங்கு 3,000, கிராஜுவிட்டி சுமார் 1,200, வருஷத்துக்கு 60,000 வேரியபிள் பே இருந்தா அதுக்கு மாசம் 5,000. இதெல்லாம் போக கையில வர்றது 38,000-க்கும் கீழதான். அதனால எச்ஆர்கிட்ட 'இன் ஹேண்ட்' எவ்வளவுன்னு தனியா கேளுங்க.

அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன்? பழைய பேங்க்ல பேசி மீதிப் பணத்தைக் கட்டுங்க, நோ டியூஸ் சர்டிஃபிகேட் வாங்குங்க, ரிப்போர்ட்ல 'க்ளோஸ்டு'ன்னு மாத்தச் சொல்லி எழுத்துல கேளுங்கன்னு சொன்னேன். இப்போ அந்த வேலையிலதான் இருக்கார்.

கலெக்‌ஷன் ஏஜென்ட் போன்ல 'செட்டில் பண்ணிடலாம்'னு இனிப்பா சொன்னா, உடனே தலையாட்டாதீங்க. "கட்டின பிறகு ரிப்போர்ட்ல என்ன வார்த்தை வரும்?"னு ஒரு கேள்வி கேளுங்க. பதிலை ஈமெயில்ல வாங்கின பிறகு பணம் கட்டுங்க.

உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமா தரணும். இந்த வாரமே எடுத்துப் பாருங்க. ஸ்கோரை மட்டும் பார்க்காம, ஒவ்வொரு கணக்குக்கும் நேரா என்ன வார்த்தை இருக்குன்னு படிங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!